பிடுங்குவதா, காப்பதா? திருகோணமலை நாய்களின் உடைந்த பற்கள்

திருகோணமலையில் ஒரு நாய்க்குக் கண்ணுக்குக் கீழே வீங்கினால், குளவி கொட்டியிருக்கும், இல்லாவிட்டால் யாராவது கல்லெறிந்திருப்பார்கள் என்றுதான் வீட்டார் முதலில் நினைப்பார்கள். இரண்டு நாளில் வீக்கம் பழுத்து உடையும். தோலில் ஒரு சிறு துளை விழுந்து, இரத்தம் கலந்த சீழ் வடியும். மஞ்சள் அரைத்துப் பூசுவார்கள். பாமசியில் சொல்லி அன்டிபயோட்டிக் வாங்கி, மீன் சோற்றுக்குள் ஒளித்துக் கொடுப்பார்கள். ஒரு கிழமையில் புண் காய்ந்துவிடும், வீட்டாருக்கும் நிம்மதி. சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் அதே துளை மறுபடி திறக்கும். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தோலுக்குக் களிம்பு என்று எல்லாம் நடந்து முடியும். மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றாது. நோய் இருப்பதோ அங்கேதான், மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப்பல்லில். மூன்று வேர் கொண்ட அந்தப் பெரிய பல்லின் வேர்முனைகள் கண்ணுக்கு நேர் கீழே வந்து முடிகின்றன. பல் உடைந்து வேரடியில் சீழ் கட்டினால், அது வெளியேறக் கிடைக்கும் வழி கன்னம்தான்.

இப்படி உடைந்த பல்லை என்ன செய்வது? சும்மா விடலாம். மருந்து கொடுத்து ஆற்றப் பார்க்கலாம். பிடுங்கலாம். உள்ளே இருக்கும் கூழை எடுத்துவிட்டு அடைத்துப் பல்லைக் காப்பாற்றலாம். மேலைநாட்டு மிருகப் பல் வைத்திய நூல்கள் முதல் இரண்டையும் தள்ளிவிடுகின்றன. மிச்சம் இரண்டில், முடிந்தால் காப்பாற்று, முடியாவிட்டால் பிடுங்கு என்று காப்பதன் பக்கம் சாய்கின்றன. அந்தச் சாய்வு கொட்டியார்குடாவின் கரையில் நிற்குமா என்று பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ‘இதெல்லாம் பணக்கார ஊர் நாய்களுக்கு’ என்று கைகழுவுவதிலும் எனக்கு உடன்பாடில்லை.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றில் உடைபவை பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, முன்னால் நீண்டு நிற்கும் நான்கு வேட்டைப்பற்கள். மற்றது, ஒன்றோடொன்று உரசி இறைச்சியை அறுக்கும் பெரிய பக்கப் பற்கள். மேலே நான்காம் முன்கடைவாய்ப்பல்லும் கீழே முதலாம் கடைவாய்ப்பல்லும் அந்த வேலையைச் செய்கின்றன. வேட்டைப்பல் நுனியில் முறியும். மேல் முன்கடைவாய்ப்பல் வெளிப்பக்கமாகப் பாளம் பாளமாகப் பிளக்கும். பிளந்த துண்டு சில வேளை கழன்று விழாமல் முரசில் ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் பதிவுகளை வைத்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்கே பார்க்கப்பட்ட நாய், பூனைகளில் ஏறத்தாழக் கால் பங்குக்கு இப்படியான பற்காயம் இருந்ததாகச் சொன்னது. அது வைத்தியரிடம் கொண்டுவரப்பட்ட செல்லப் பிராணிகளின் கணக்கு. திருக்கடலூர்க் கரையில் வலைக்கு அருகே சுருண்டு கிடக்கும் நாயின் கணக்கு அதில் வராது.

காரணங்களில் முதலாவது எலும்பு. மாட்டுத் தொடையெலும்பை நொறுக்குவது நாயின் பிறவிக் குணம் என்று நம்பி, இறைச்சிக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறோம். காய்ந்து இறுகிய எலும்போ பல்லுக்கு வளைந்துகொடுக்காது, பல்தான் விட்டுக்கொடுக்கும். அடுத்தது சங்கிலி. பகல் முழுக்கக் கட்டிக் கிடந்து சங்கிலியையும் கூட்டுக் கம்பியையும் கடிக்கும் நாய்க்கு வேட்டைப்பல்லின் பின்பக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்து, ஒரு நாள் சின்ன இழுப்பிலேயே முறிந்துவிடும். வாகனம் மோதுவதும் கல்லெறியும் மீதிக் காரணங்கள். பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துத் தடம் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்க வேண்டாம் என்ற எளிய விதி இருக்கிறது. வரும்முன் காப்பதற்கு அதைவிட மலிவான வழி கிடையாது.

உடைவுகள் எல்லாம் ஒன்றல்ல, தீர்ப்பு முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. எனாமல் மட்டும் சிதறியிருந்தால் கவலை குறைவு. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் வெளித்தெரிந்தால் கவனிக்க வேண்டும். அதன் நுண்குழாய்கள் வழியே கிருமி உள்ளே போகலாம். நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் பற்கூழ் திறந்துவிட்டால் சிகிச்சை இல்லாமல் அது தானாக ஆறாது. புதிதாக உடைந்த பல்லின் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், தொட்டால் இரத்தம் கசியும், நாய் துடிக்கும். நாளடைவில் கூழ் செத்துப் புள்ளி கறுத்துவிடும், துடிப்பும் அடங்கிவிடும். அதைப் பார்த்து ஆறிவிட்டது என்று எண்ணுகிறோம். வயதான நாயின் தேய்ந்த பல்லிலும் நடுவே பழுப்பு வட்டம் தெரியும் என்பது இன்னொரு சிக்கல். அது தேய்மானத்துக்கு ஈடாகப் பல்லே உள்ளே படியவைத்த புது டென்டின், அதனால் ஆபத்தில்லை. இரண்டையும் பிரித்தறிய வைத்தியர் கூர்மையான மெல்லிய சோதனை ஊசியை அந்த இடத்தில் இழுத்துப் பார்ப்பார். பழுப்பு வட்டத்தில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். கறுப்புப் புள்ளியில் முனை உள்ளே இறங்கி மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் பல் செத்துவிட்டது, அதற்கு மேல் விவாதமில்லை.

உடையாமலே செத்த பற்களும் உண்டு. அடிபட்டு ஊதாவாகவோ சாம்பலாகவோ நிறம் மாறிய பல்லை யாரும் நோயாக நினைப்பதில்லை. அப்படி நிறம் மாறிய பற்களைத் திறந்து பார்த்து 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 92 வீதமானவற்றில் கூழ் செத்திருந்தது. ஆனால் எக்ஸ்ரேயில் அடையாளம் தெரிந்தது 58 வீதமானவற்றில்தான். எக்ஸ்ரே அவசியம். அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துப் பல்லுக்கு நற்சான்று எழுதக்கூடாது.

சும்மா விடுவது என்ற முதல் வழிக்கு இந்த ஊரில் ஒரு பலமான வாதம் இருக்கிறது: “நாய் வழமைபோலச் சாப்பிடுதே!” இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. பெரும்பாலான நாய்கள் உண்மையிலேயே சாப்பிடுகின்றன. கூழ் திறந்த பல்லோடு வருடக்கணக்கில் ஓடியாடித் திரிந்த நாய்களும் உண்டு. ஆனால் நாய் சாப்பிடுவது பசியால். பல்வலியால் அது பட்டினி கிடக்காது, கடிக்கும் பக்கத்தை மாற்றிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கப் பற்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் வெண்மையாக இருந்து, மற்றப் பக்கத்தில் மட்டும் மஞ்சளும் பழுப்புமாகக் காரை தடித்துப் படிந்திருந்தால், அந்தப் பக்கத்தால் நாய் கடிப்பதில்லை. பந்தை வாயில் வாங்கிக் கீழே போடுவதும், முகத்தைத் தொட்டால் விலகுவதும், முன்பு விரும்பிய கருவாட்டுத் தலையை மோந்துவிட்டுப் போவதும் அதே செய்திதான். பல நாய்களில் சிகிச்சைக்குப் பிறகே வீட்டார் வித்தியாசத்தை உணர்கிறார்கள். வயது போய் அடங்கிவிட்டது என்று நினைத்த நாய் திரும்பவும் விளையாட ஓடிவரும்.

ஆகவே ‘சாப்பிடுகிறது’ என்பது வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது. செத்த கூழ் கிருமிக்கு வீடாகி, வேர்முனையில் எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். உலகச் சிறு பிராணி மருத்துவர் சங்கத்தின் 2020ஆம் ஆண்டுப் பல் வைத்திய வழிகாட்டி கூழ் திறந்த பல்லைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஒரு சிகிச்சையாக ஏற்கவில்லை. நானும் அந்தப் பக்கம்தான், இரண்டு விலக்குகளோடு. கூழ் திறக்காத உடைவை எக்ஸ்ரே எடுத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்து வருவது அலட்சியமாகாது, அதுவே முறையான வைத்தியம். கையில் சிக்காத தெரு நாயைப் பல்லுக்காக மட்டும் வலைபோட்டுப் பிடித்து வருத்துவதும் தேவையில்லை. கருத்தடைக்கோ தடுப்பூசிக்கோ பிடிபடும் நாளில் வாயையும் பார்த்தால் போதும்.

மருந்து கொடுத்து ஆற்றும் இரண்டாவது வழிக்கு நான் இரக்கம் காட்டப்போவதில்லை. நான்கில் மிக மோசமானது அதுதான். சும்மா விடுபவர் ஒன்றும் செய்யவில்லை என்பதையாவது அறிவார். மாத்திரை கொடுப்பவரோ வைத்தியம் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. வேரைச் சுற்றிய வீக்கம் வற்றும், கன்னத்துத் துளை மூடும், பல்லுக்குள் இருக்கும் கிருமி அப்படியே இருக்கும். ஓட்டையை அடைக்காமல் வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற வேலை இது. கடுமையான வீக்கத்தோடு வரும் நாய்க்குச் சத்திர சிகிச்சைக்கு முன் சில நாள் மருந்து கொடுப்பது வேறு விடயம். மாதாமாதம் பாமசியில் வாங்கிக் கொடுப்பதால் விளைவது, மருந்துக்கு அடங்காத கிருமி வீட்டுக்குள் வளர்வதுதான். மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுப்பது இன்னும் ஆபத்து. இபுபுரூஃபென் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். பரசிற்றமோல் அளவு மீறினால் ஈரலைப் பாதிக்கும். வலிக்கு மெலொக்சிகாம் போன்ற மருந்துகள் உண்டு, அவற்றையும் வைத்தியர் நிறை பார்த்து எழுத வேண்டும்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம்.

பல்லைக் காப்பாற்றும் முறைகள் இரண்டு. கூழ் உயிரோடு இருக்கும்போதே மேற்பகுதியை மட்டும் நீக்கி, மருந்திட்டு மூடிப் பல்லை வாழவைப்பது ஒன்று. செத்த கூழை முழுவதும் எடுத்துவிட்டு வேரின் உட்குழாயைச் சுத்தம் செய்து நிரப்பும் வேர்க்கால்வாய் சிகிச்சை மற்றது. முதலாவது முறைக்கு நேரம்தான் எல்லாம். 2001இல் வெளியான ஓர் ஆய்வு உடைந்த வேட்டைப்பற்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. 48 மணித்தியாலத்துக்குள் சிகிச்சை பெற்றவற்றில் 88 வீதம் பிழைத்தன. ஒரு வாரத்துக்குள் என்றால் 41 வீதம். மூன்று வாரம் வரை போனால் 23 வீதம். பின்னர் மருந்துகள் திருந்தின. 190 பற்களைப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், எம்டிஏ எனப்படும் சிமெந்து வகைப் பொருளை இட்டவற்றில் 92 வீதமும், பழைய கல்சியம் ஐதரொட்சைட்டை இட்டவற்றில் 58 வீதமும் வெற்றி பெற்றன. எண்கள் கவர்ச்சியானவைதான். ஆனால் பல் உடைந்ததை அன்றைக்கே கண்டு, மறுநாளே அதைச் செய்யத் தெரிந்த வைத்தியரின் மேசையில் நாயைக் கிடத்தும் வீட்டுக்கே அவை பொருந்தும். கன்னத்தில் சீழ் வடிந்த பிறகு வாயைத் திறக்கும் ஊருக்கு அந்த 88 ஒரு தூரத்து எண்.

வேர்க்கால்வாய் சிகிச்சைக்கு அந்த அவசரம் இல்லை, செத்த பல்லுக்கும் செய்யலாம். அதற்கு ஆதாரமாக எல்லாரும் எடுத்துக்காட்டுவது 1995 முதல் 2000 வரை சிகிச்சை பெற்ற 127 பற்களைப் பற்றி 2002இல் வெளிவந்த ஆய்வை. அவற்றில் 69 வீதம் முழு வெற்றி. 26 வீதத்தில் தோல்வியின் அடையாளம் இல்லை, முழுமையாக ஆறியதற்கான அடையாளமும் இல்லை. ஏறத்தாழ இருபதில் ஒன்று தோற்றது. 69ஐயும் 26ஐயும் கூட்டி 95 என்று சொல்வது வழமை. அப்படிக் கூட்ட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்த 26 இன்னும் விசாரணையில் இருக்கும் வழக்குகள். விடுதலையானவர் பட்டியலில் அவற்றைச் சேர்க்க முடியாது. அதைவிட முக்கியமான ஒன்றை அதே ஆய்வு சொல்கிறது: சிகிச்சைக்கு முன்பே வேரடி எலும்பு கரைந்திருந்த பற்களிலும், வேரே அரிபட்டிருந்த பற்களிலும் வெற்றி குறைந்தது. நம் நாய்கள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் வந்து சேர்கின்றன. கன்னம் உடைந்த பிறகு வரும் பல்லுக்கு 69 என்ற எண்ணை வாக்களிப்பது நேர்மையாகாது.

கருவி விடயமும் இருக்கிறது. ‘நண்பர் பல் டொக்டர், அவரைக் கூட்டிவந்து செய்விக்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. மனிதப் பல்லுக்கான அரங்கள் 21 முதல் 31 மில்லிமீற்றர் வரை நீளமானவை. பெரிய நாயின் வேட்டைப்பல் அந்த நீளத்தில் அடங்காது, அதற்கென்றே 60 மில்லிமீற்றர் நீள அரங்கள் செய்கிறார்கள். மேலும் இது ஒரு நாளோடு முடியும் வேலையல்ல. ஆறு மாதம், ஒரு வருடம் என்று திரும்பத் திரும்ப மயக்கத்தில் கிடத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தொடர்ச்சி இல்லாவிட்டால் தோற்ற சிகிச்சை தோற்றது என்றே தெரியாமல் போகும். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வரும் ஒரு குடும்பம் எத்தனை தடவை வரும்?

பிடுங்குவதன் பெரிய பலம், அது ஒரே நாளில் நோயை முடித்துவிடுவது. பல் போனதும் கிருமியின் வீடும் போய்விடுகிறது. பல் போனால் நாய் எப்படிச் சாப்பிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. சோறும் மீனும் தின்னும் வீட்டு நாய்க்கு ஒரு முன்கடைவாய்ப்பல் போவதால் வயிறு காயாது. வலித்த அந்தப் பல்லை அது ஏற்கெனவே பாவிப்பதில்லை. ஆகவே பிடுங்கினால் ஒரு வேலை செய்யும் பல்லை இழக்கிறோம் என்ற மேலைநாட்டு வாதம் இங்கே பாதி பலமிழந்து விடுகிறது.

ஆனால் எந்தப் பிடுங்கல்? இங்கேதான் நான் கறாராக இருக்கிறேன். விழித்திருக்கும் நாயை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, குறட்டால் ஆட்டி இழுப்பதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. மேல் முன்கடைவாய்ப்பல்லின் மூன்று வேரும் மூன்று திசையில் விரிந்து எலும்பைப் பிடித்திருக்கின்றன. முரசை மடலாக விலக்கி, வேருக்கு மேலுள்ள எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை மூன்று துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேரையும் தனித்தனியே நெம்பி எடுத்து, கூர்முனைகளை மழுக்கி, கரையும் நூலால் தைக்க வேண்டும். எடுத்த பிறகு ஓர் எக்ஸ்ரே. வேர்முனை ஒன்று உள்ளே முறிந்து நின்றால் சீழ் திரும்ப வரும், கன்னமும் திரும்ப உடையும். வேட்டைப்பல் இன்னும் கடினம். வெளியே தெரியும் பல்லைவிட நீளமான, வளைந்த வேர் அதற்கு. கீழ் வேட்டைப்பல்லின் வேர் தாடையின் முன்பகுதியில் பெரும் இடத்தை அடைத்திருப்பதால், முரட்டுத்தனமாக நெம்பினால் தாடையே முறியும். மேல் வேட்டைப்பல்லுக்கும் மூக்குக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடுதான் இருக்கிறது. அது உடைந்து ஓட்டை விழுந்தால் குடித்த தண்ணீர் மூக்கால் வரும், நாய் ஓயாமல் தும்மும். அரைகுறையாகப் பிடுங்குவது நல்ல வேர்க்கால்வாய் சிகிச்சைக்கு ஒருநாளும் ஈடாகாது. நான் எடைபோடுவது நன்றாகச் செய்த பிடுங்கலை மட்டுமே.

மயக்கமருந்துப் பயம் நியாயமான பயம். பிரித்தானியாவில் 98,000 நாய்களைப் பின்தொடர்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், உடல்நலமுள்ள நாய்களில் மயக்கம் சார்ந்த மரணம் 0.05 வீதம், நோயுற்றவற்றில் 1.33 வீதம். அந்த இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். நாயை நல்ல நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு மயக்கினால் ஆபத்து பலமடங்கு குறைகிறது. எங்கள் ஊரில் அதற்குத் தனி அர்த்தம் உண்டு. உண்ணி கடிக்காத நாய் இங்கே அரிது. உண்ணி வழியே வரும் எர்லிச்சியா, பபேசியா நோய்கள் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். வெளிப்பார்வைக்குக் கொழுகொழுவென்றிருக்கும் நாய், பல் எடுத்த பிறகு இரத்தம் நிற்காமல் போனால்தான் அதன் நோய் தெரியவரும். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்யாமல் பல்லைத் தொட வேண்டாம். தொண்டைக்குள் குழாய் செருகாமல் வெறும் ஊசி மயக்கத்தில் பல் வேலை செய்யவும் வேண்டாம். துளைக்கும் கருவி பீச்சும் தண்ணீரும் வடியும் இரத்தமும் சுவாசக் குழாய்க்குள் போய்விடும். தாடை நரம்பில் விறைப்பு ஊசியும் போட்டால் மயக்கமருந்தின் அளவையே குறைக்கலாம். இந்த மூன்றையும் உங்கள் வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கும் வைத்தியரிடம் நாயை விட வேண்டாம்.

பல்லைப் பற்றிப் பேசும்போது நீர்வெறுப்பு நோயை மறந்துவிடக் கூடாது. வாய் ஒழுகி, தாடை தொங்கி, சாப்பிட முடியாமல் நிற்கும் நாய்க்குத் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது, பல் உடைந்திருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கை விடுகிறோம். விசர் நாயின் தோற்றமும் அதுவேதான். இலங்கையில் 1973இல் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியால் அந்த எண் பெரிதும் குறைந்தது, பூச்சியமாகவில்லை. தடுப்பூசி போடாத, இன்னாருடையது என்று தெரியாத நாயின் வாயை வீட்டில் யாரும் திறந்து பார்க்க வேண்டாம்.

தீர்ப்புக்கு வருகிறேன். திருகோணமலையில் ஒரு வீட்டு நாயின் கூழ் திறந்த பல்லுக்கு, குறிப்பாக உடைந்து நாட்பட்ட மேல் முன்கடைவாய்ப்பல்லுக்கு, எக்ஸ்ரே எடுத்து, முறையான மயக்கத்தில், துண்டாக அறுத்துப் பிடுங்குவதே முதல் தெரிவு. காப்பாற்றுவதற்கான சிகிச்சையை மேலைநாட்டு நூல்கள் முன்னே வைப்பது ஆதாரத்தோடுதான். அந்த ஆதாரம் இரண்டு தூண்களில் நிற்கிறது: நோய் வேரடிக்குப் போகுமுன் வருவது, பிறகு விடாமல் திரும்ப வருவது. இரண்டும் இங்கே அரிது. தூண் இல்லாத இடத்தில் கூரையை மட்டும் கொண்டுவந்து வைக்க முடியாது.

விலக்கு இரண்டு. ஒன்றரை வயதுக்கு உட்பட்ட நாயின் பல் உடைந்து ஓரிரு நாள்தான் ஆகிறது, கூழ் இன்னும் சிவப்பாக இருக்கிறது என்றால், பேராதனைக்கு வண்டி ஏற வேண்டும். நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடமும் அதன் போதனா மருத்துவமனையும் அங்கேதான் இருக்கின்றன. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக ஏறத்தாழ 180 கிலோமீற்றர். அதிகாலையில் புறப்பட்டால் வெயிலுக்கு முன் பாதி வழி போய்விடலாம். பால்பல் உடைந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். கீழே வளரும் நிரந்தரப் பல்லைக் கெடுக்குமுன் அதை எடுத்துவிட வேண்டியதுதான்.

மற்ற விலக்கு, பணி செய்யும் நாய்கள். இங்கே நூல்கள் சொல்வதைவிட நான் சற்று இறுக்கமாக நிற்கிறேன். 1948இல் தொடங்கி, அஸ்கிரியவைத் தலைமையிடமாகக் கொண்ட பொலிஸ் மோப்ப நாய்ப் பிரிவு முதல் கண்ணிவெடி தேடும் நாய்கள் வரை, இலங்கையில் நாய்கள் செய்யும் பணியில் பெரும் பங்கு மோப்பம்தான். துறைமுகமும் கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகமும் உள்ள இந்த ஊரிலும் நாயின் மூக்குக்குத்தான் மதிப்பு. மோப்ப நாய்க்கு வேட்டைப்பல் தொழிற்கருவி அல்ல. பாய்ந்து கடித்துப் பிடிக்கப் பழக்கிய காவல் நாய்க்கே அது கருவி. அந்த நாய்க்கு வேர்க்கால்வாய் சிகிச்சையும் மேலே உலோகக் கவசமும் செய்யும் செலவு நியாயம். மோப்ப நாய்க்கு அது கட்டாயமில்லை. ஆனால் அதன் மேல் வேட்டைப்பல்லைத் தேர்ந்த கையன்றி வேறு யாரும் பிடுங்கக் கூடாது. மூக்கில் ஓட்டை விழுந்தால் போவது அந்த நாயின் தொழில்.

பல் எக்ஸ்ரேயும் அறுக்கும் கருவியும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? இழுத்துப் பார்க்கலாம் என்று துணிவதைவிட, வலிக்கு முறையான மருந்து எழுதுவித்து, மென்மையான உணவு கொடுத்து, பேராதனைக்குத் திகதி வாங்குவது நல்லது. நாட்பட்ட பல்லுக்குச் சில கிழமை தாமதம் பெரிய கேடு செய்யாது. அரைகுறைப் பிடுங்கல் செய்யும்.

இதை ஒவ்வொரு வீட்டின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடவும் முடியாது. பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாடு, ஆடு, கோழிக்காக ஏற்பட்டவை. தம்பலகாமத்துத் தயிர்ச்சட்டிக்குப் பின்னால் அவற்றின் உழைப்பு இருக்கிறது. அந்த வேலையைக் குறைக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கிழக்கு மாகாணக் கால்நடைத் திணைக்களத்தின் தலைமையிடம் திருகோணமலையிலேயே இருக்கிறது. பேராதனையில் கால்நடை மருத்துவ பீடமும் மனிதர்க்கான பல் மருத்துவ பீடமும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. மாகாணத் திணைக்களம் ஒரு பல் எக்ஸ்ரே கருவியும், பல் அறுக்கும் ஓர் அதிவேகக் கருவியும், குழாய் வழி மயக்கம் கொடுக்கும் ஏற்பாடும் கொண்ட ஓர் அறையை இந்த நகரில் திறக்கட்டும். மாதத்தில் ஒரு நாளாவது பேராதனையிலிருந்து தேர்ந்த கை ஒன்று வந்து, இங்குள்ள இளம் வைத்தியர்களுக்கு மூன்று வேர்ப் பல்லை அறுத்தெடுக்கப் பழக்கட்டும். வேர்க்கால்வாய் சிகிச்சைக்கான நீள அரங்கள் அதற்குப் பிறகு வரலாம்.